பதினெட்டு முடிந்த அன்றே படிப்பும் முடிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் நம் பெங்களூரு இந்திராநகரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மனைவியைப் பிரிந்து வாழும் ஆண்களிடம் காலமெல்லாம் பணம் கறக்கப் பார்க்கிறார்கள், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டால் அப்பன் கடமை முடிந்தது, ஓட்டுப் போடத் தெரிந்தவனுக்கு உழைக்கத் தெரியாதா என்பது அவர் கேள்வி. கடிதம் நல்ல சூடு. அவர் பட்ட அலைச்சல் அவருக்குத்தான் தெரியும், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அவர் எந்தக் காலத்துப் பதினெட்டைப் பற்றிப் பேசுகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் இதே ஊரில் ஒரு தனியார் பியூ கல்லூரியில், அதாவது பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புகள் நடக்கும் இடத்தில், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் கட்டணக் கவுண்டர்தான் என் இடம். யார் வீட்டில் பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கிறது என்பது வகுப்பு ஆசிரியருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது தவணைக்கு வர வேண்டிய பிள்ளை வராமல், அதன் அம்மா வந்து "மேடம், கொஞ்சம் டைம் கொடுங்க" என்று ஆரம்பித்தால் பாதிக் கதை அங்கேயே புரிந்துவிடும். மீதிப் பாதிக்குப் பிறந்த தேதியைப் பார்த்தால் போதும்.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், அதுதானே என் பிழைப்பு. ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்கு 6 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது 2020 தேசியக் கல்விக் கொள்கை. கர்நாடகத்திலும் ஜூன் 1 அன்று 6 முடிந்திருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். பெற்றோர் கூச்சல் போட்டதால் 2025-26-க்கு மட்டும் 5 வயது 5 மாதம் வரை இறங்கி வந்தார்கள். இனி வரும் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முடிந்து ஏழு முடியாத வயதில் ஒன்றாம் வகுப்பு. ஒரு வருஷமும் தவறாமல் ஏறி வந்தால், செகண்ட் பியூசி என்கிற பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்தில் 17 முடிந்திருக்கும். அந்த வகுப்பு முடிவதற்குள் பெரும்பாலோருக்கு 18 வந்து நிற்கும். ஜூன் 2-ஆம் தேதி பிறந்தவன் வருஷம் முழுவதும் மேஜராகவே பள்ளிப் பாடம் படிப்பான். மார்ச் மாதப் பரீட்சையை மைனராக எழுதும் பாக்கியம் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் பிறந்தவர்களுக்குத்தான். ஆக, ஆறு வயதுக்கு முன்னால் சேர்க்காதே என்று ஒரு கை தடுக்கிறது, பதினெட்டு ஆனால் செலவுக்குக் கேட்காதே என்று இன்னொரு கை தடுக்கிறது. இரண்டும் அரசாங்கத்தின் கைகள்தான். இடையில் பன்னிரண்டு வகுப்பும் முழுசாக அடங்கவில்லை என்பதை யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

காலேஜைப் பற்றி இன்னும் பேசவே இல்லை, கவனியுங்கள். பட்டப்படிப்பு, பொறியியல், நர்சிங் எல்லாம் பிறகு. நான் சொல்வது பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வக்கீல்களிடம் கேட்டுக் கேட்டே நான் கற்றுக்கொண்டேன். ஜீவனாம்சம் கேட்டுப் பெரும்பாலோர் போவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுக்கு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. எண்தான் மாறியது. எந்த மதமானாலும் இந்தப் பிரிவில் கேட்கலாம், அது இதன் நல்ல குணம். ஆனால் பிள்ளை மேஜர் ஆகிவிட்டால், உடலிலோ மனத்திலோ குறையோ காயமோ இருந்து அதனால் சம்பாதிக்க முடியாது என்றால்தான் தொடர்ந்து கிடைக்கும். நல்ல ஆரோக்கியத்தோடு படித்துக்கொண்டிருப்பது அந்தக் கணக்கில் சேராது. இத்தனைக்கும் வெள்ளைக்காரன் காலத்து 1898-ஆம் வருஷச் சட்டத்தில் இதே விஷயம் 488-ஆவது பிரிவாக இருந்தபோது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளை என்றுதான் எழுதியிருந்தார்கள், மைனர் என்று வேலி போடவில்லை. அந்த வேலியைப் போட்டது சுதந்திர இந்தியாவின் 1973-ஆம் வருஷச் சட்டம்.

அதே பிரிவில் இரண்டு வரி கீழே போனால், தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத தாய் தகப்பனுக்குப் பிள்ளை பணம் தர வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு வயது வரம்பு ஏதும் இல்லை. அந்தக் கடமை சரியானதே. 2007-இல் மூத்த குடிமக்களுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள், அதுவும் நல்லதே. ஆனால் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது கையை விரித்த அப்பா, அறுபத்தைந்து வயதில் அதே மகன்மேல் மனுப்போட்டால் வழக்கு நிற்கும். இந்திராநகர் வாசகர் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம் வேறு. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். அவர் மனைவிக்கான பிஎஃப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தது நான். 1995-ஆம் வருஷ ஓய்வூதியத் திட்டத்தில் மனைவிக்கு பென்ஷன், அதன் 25 சதவீத அளவு தனியாக ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் வரை. எந்த வயது வரை தெரியுமா? 25 வரை. மத்திய அரசு ஊழியர் இறந்தால் குடும்ப பென்ஷனும் மகனுக்கு 25 வயது வரை, அதற்குள் சம்பாதிக்கத் தொடங்காமலும் கல்யாணம் ஆகாமலும் இருந்தால். பிஎஃப் பென்ஷன் தொகை சொற்பம்தான், அதை வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது. நான் வயதைச் சொல்கிறேன். ஒரு பிள்ளை தன் காலில் நிற்க எத்தனை வருஷம் ஆகும் என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அப்பா செத்துப்போனால் 25 வரை பிள்ளை, அப்பா உயிரோடு வேறு வீட்டில் இருந்தால் 18 வரை பிள்ளை. சொல்வதற்கே வாய் கூசுகிறது, ஆனால் விதிகள் அப்படித்தான் இருக்கின்றன.

இப்போது கவுண்டருக்கு வருகிறேன். போன வருஷம் ஒருவர் போன் செய்தார். நல்ல ஆங்கிலம், நிதானமான குரல். இன்ன மாணவனின் தகப்பன் என்று அறிமுகம் செய்துகொண்டார். கல்லூரிப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை லெட்டர்ஹெட்டில் எழுதித் தர முடியுமா, வக்கீல் கேட்கிறார் என்றார். எழுத்து மூலமாக முதல்வருக்கு விண்ணப்பம் கொடுங்கள் என்றேன். சரி என்றவர், "செப்டம்பரா, அக்டோபரா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். போனில் சொல்லக்கூடாது சார் என்று வைத்துவிட்டேன். பையன் என்ன குரூப், எப்படிப் படிக்கிறான், வகுப்புக்கு வருகிறானா என்று அவர் கேட்டிருந்தால் அதற்கும் போனில் பதில் சொல்லியிருக்க மாட்டேன்தான். கேட்கவில்லை.

இன்னொருவர் இருக்கிறார். கே.ஆர். மார்க்கெட்டில் காய்கறி லோடு அடிக்கும் சரக்கு ஆட்டோக்காரர். மனைவியும் மகளும் தனியாக இருக்கிறார்கள், இவர் வேறிடத்தில். கோர்ட்டு, கேஸ் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தவணைக்கும் கடைசித் தேதிக்கு முன்னால் மத்தியான வேளையில் வருவார், லோடு இறக்கிவிட்டு. பணம் பூராவும் நூறும் இருநூறுமாக, ரப்பர் பேண்டு போட்டு, மேல் பாக்கெட்டில் கொஞ்சம், டிக்கி சாவியோடு ஒரு துணிப்பையில் கொஞ்சம். நான் எண்ணும்போது அவரும் உதட்டுக்குள் கூடவே எண்ணுவார். ஒரு முறை ஐந்நூறு குறைந்தது. எதுவும் பேசாமல் வெளியே போய், வண்டி சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துவந்தார். அது டீசலுக்கு வைத்திருந்த காசு என்று எங்கள் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். ரசீதை வாங்கி, கவுண்டர் மேஜைமேலேயே விரித்துப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புவார். அனுப்பிவிட்டு இரண்டு கோடும் நீலமாகிறதா என்று நின்று பார்ப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு இந்த ஜனவரியில் 18 முடிந்தது. பிப்ரவரித் தவணைக்கும் அவர்தான் வந்தார்.

இவர்களுக்குச் சட்டம் தேவையில்லை. சட்டம் தேவைப்படுவது போன் செய்தவருடைய பிள்ளைக்கு.

என் தங்கை பிள்ளைகளின் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது. அவள் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறாள், கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. வீட்டுக்காரர் பிரிந்து போய் பல வருஷமாகிறது, விவாகரத்து ஆகவில்லை. 125-ஆவது பிரிவில் ராஜிப் பேச்சு நடந்து ஆர்டர் ஆனது. அவளுக்கு 4,000, பிள்ளைகள் இருவருக்கும் தலைக்கு 5,000, "மேஜர் ஆகும் வரை". அந்த மூன்று சொற்களை யார் சேர்த்தார்கள் என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. அன்றைக்கு மூத்தவளுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஏழு. ஒன்பது வயதுப் பிள்ளையின் தாய்க்கு, அடுத்த மாத வாடகைதான் கண்ணுக்குத் தெரியும். பதினெட்டு எங்கோ இருக்கும் ஊர்.

மூத்தவளுக்கு 18 ஆன மாதமே அவள் பங்கு நின்றது. அப்போது அவள் பி.காம். முதல் வருஷம். பையன், வீட்டில் தகராறு உச்சத்தில் இருந்த வருஷம் பள்ளி மாறி ஒரு வகுப்பைத் திரும்பப் படித்தவன். அதனால் போன நவம்பரில் 18 முடிந்தபோது செகண்ட் பியூசி நடுவில் இருந்தான். பி.சி.எம்.சி. (இயற்பியல், வேதியியல், கணிதம், கம்ப்யூட்டர்) குரூப், அரையாண்டுப் பரீட்சை முடிந்து லேப் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்த நேரம். டிசம்பர் 5-ஆம் தேதி தங்கை போனில் வந்த வங்கிச் செய்தியில் 4,000 மட்டும் இருந்தது. அவள் வீட்டுக்காரர் தரப்பில் சட்டப்படி ஒரு தப்பும் கிடையாது, அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஆர்டரில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் செய்தார். வழக்குப் போட்டு வசூலிக்க அது பாக்கியும் அல்ல. பாக்கி என்றால் ஒரு வருஷத்துக்குள் மனுக் கொடுத்து வாரண்ட் வரை போகலாம். இங்கே பாக்கியே இல்லையே.

பையன் முதலில் கேட்டது டிரைவிங் லைசென்ஸ். 18 ஆகிவிட்டதே, டெலிவரி வேலைக்குப் போகிறேன் பெரியம்மா, ராத்திரி மட்டும்தான் என்றான். மார்ச்சில் பரீட்சை, ஏப்ரலில் சி.இ.டி. நுழைவுத் தேர்வு இருக்கிறதே என்றேன். கர்நாடகத்தில் 2024-இலிருந்து செகண்ட் பியூசிக்கு ஒரே வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பரீட்சை வைக்கிறார்கள். முதலில் சரியாக வராவிட்டால் அடுத்ததை எழுதலாம், அதனால் பரவாயில்லை என்று எனக்கே பாடம் நடத்தினான். அவன் அப்பாவின் வாதத்தையும் இந்திராநகர் வாசகரின் வாதத்தையும் அவனே எடுத்துக்கொண்டு பேசுகிறான் என்று தோன்றியது. சொந்தக் காலில் நிற்பது நல்ல விஷயம்தான். அதைப் பரீட்சைக்கு நாலு மாதம் முன்னால்தான் தொடங்க வேண்டுமா என்பதுதான் என் சண்டை. லைசென்ஸுக்கு மே மாதம் போகலாம் என்று அவனை நிறுத்தி வைத்தோம். அந்த 5,000-ஐ நானும் என் அண்ணனும் பிரித்துக்கொண்டோம். தாய்மாமன் சீர் என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லார் வீட்டிலும் பெரியம்மாவும் தாய்மாமனும் சம்பளக்காரர்களாக இருப்பதில்லை.

மூத்தவள் விஷயத்தில் ஒன்றைத் தாமதமாகத் தெரிந்துகொண்டோம், மற்றவர்களாவது சீக்கிரம் தெரிந்துகொள்ளட்டும். இந்துக்களாக இருந்தால், 1956-ஆம் வருஷ இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில், கல்யாணமாகாத மகள் தன் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத வரை பெற்றோர் அவளைக் காப்பாற்ற வேண்டும். அங்கே 18 என்ற கோடு மகளுக்கு இல்லை. அந்தச் சட்டத்தில் பராமரிப்பு என்றால் சாப்பாடு, துணி, வீடு, வைத்தியத்தோடு படிப்பும் சேர்த்திதான். உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் அபிலாஷா வழக்கில் இதை மறுபடி தெளிவாகச் சொன்னது. 125-இல் கேட்டால் 18-உடன் சரி, ஆனால் மகள் 20-ஆவது பிரிவில் தனியாகக் கேட்கலாம். தனியாக என்பதுதான் இதில் இடிக்கிறது. புது மனு, புது வக்கீல் பீஸ், புது வாய்தா. மகளே தன் பெயரில் அப்பாவை எதிர்த்துப் போட வேண்டும். அப்பாவோடு மாதம் ஒரு முறையாவது பேசிக்கொண்டிருக்கும் பெண் அதற்கு ஒப்புக்கொள்வாளா? எங்கள் வீட்டுப் பெண் முடியாது என்றுவிட்டாள். சாயங்காலம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டாலி என்ட்ரி போடுகிறாள்.

மகனுக்கோ அந்தக் கதவும் இல்லை. கிறிஸ்தவக் குடும்பத்து மகளுக்கும் இல்லை, ஏனென்றால் 1956-ஆம் வருஷச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. மர்ஃபி டவுனில் எங்கள் பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள், அதே பி.காம்., அதே வயது. ஒரே பஸ்ஸில் போய்வரும் இரண்டு பெண்களுக்கு இரண்டு சட்டம்.

நீதிமன்றங்கள் இந்த ஓட்டையைப் பார்க்காமல் இல்லை. 2021 மார்ச்சில் நம் கர்நாடகத்து அரசு ஊழியர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் பட்டப் படிப்பே 18 வயதுக்குப் பிறகுதான் முடிகிறது, ஆகவே 18 வரை மட்டும் பணம் தருவது இந்தக் காலத்துக்குப் போதாது என்று சொல்லி, மகன் பட்டம் வாங்கும் வரை மாதம் 10,000 தரச் சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் போட்டது 20,000, அதைப் பாதியாக்கி, ஆனால் காலத்தை நீட்டித்தார்கள். அந்த மனிதருக்கு வேறு குடும்பமும் இருந்தது, அதையும் கணக்கில் எடுத்தார்கள். தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டுவது நல்ல வழியாகத்தான் எனக்குப் படுகிறது. அதே வருஷம் ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு வழியில் போனது. 18 தாண்டிய மகனின் செலவு முழுவதும் தாய் தலையில்தானே விழுகிறது என்று, தாய்க்கே மாதம் 15,000 இடைக்கால ஜீவனாம்சம் போட்டது, மகன் பட்டப் படிப்பை முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை, எது முந்துகிறதோ அதுவரை.

தங்கையின் வக்கீல் இப்போது பிடித்திருப்பது இந்த இரண்டாவது வழியைத்தான். சூழ்நிலை மாறினால் ஜீவனாம்சத் தொகையை மாற்றக் கேட்கும் பிரிவு ஒன்று உண்டு, பழைய 127, இப்போது 146. பையன் பெயரில் கேட்காமல், அவள் பங்கான 4,000-ஐ உயர்த்தக் கேட்டிருக்கிறார். கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். எல்லா நீதிபதிகளும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, சட்டத்தில் எழுத்தாக இல்லாதபோது அப்படித்தான் ஆகும். உச்ச நீதிமன்றம் வரை போகத் தெம்பு உள்ளவனுக்கு ஒரு நியாயம், ஸ்ரீராமபுரத்துக் கார்மெண்ட்ஸ் தொழிலாளிக்கு வேறொன்று.

இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தப்பா மகளிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அங்கே 16 வயது வரை, பள்ளிப் படிப்போ அதற்கு இணையான முழுநேரப் படிப்போ தொடர்ந்தால் 20 வரை என்று விதியாம். பல்கலைக்கழகம் போனால் கிடையாதாம். அவர்கள் ரொம்பத் தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளி முடியும் முன்னால் நிறுத்தக்கூடாது என்ற அளவுக்காவது கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இந்திராநகர் வாசகர் சொன்னதில் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். பணம் பிள்ளைக்குத்தான் போகிறதா, மனைவி வீட்டுச் செலவில் கரைகிறதா என்று தெரியவில்லை என்கிறார். நியாயமான கேள்வி. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கல்லூரிக் கட்டணத்தை நேரடியாகக் கல்லூரிக் கணக்கிலேயே கட்டலாம், ரசீது மகன் பெயரில் வரும், தகப்பன் கைக்கும் ஒரு நகல் போகும். பஸ் பாஸ், ஹாஸ்டல் மெஸ் எல்லாம் அப்படியே. 18 ஆன பிள்ளைக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கிறது, கைச்செலவை அதில் போடலாம். வருஷா வருஷம் மார்க் ஷீட்டைக் காட்டு, பெயிலானால் ஒரு முறைதான் பொறுப்பேன் என்று நிபந்தனைகூட வைக்கலாம், நானே ஆதரிப்பேன். முப்பது வயது வரை ஊர் சுற்றுகிறவனுக்குச் சோறு போடு என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் சம்பளம் இருந்தால் அவளும் பங்கு போடட்டும், 1956-ஆம் வருஷச் சட்டமே தாய்க்கும் அந்தக் கடமையை வைத்திருக்கிறது. யார் கையில் கொடுப்பது என்ற சண்டைக்கு இத்தனை வழி இருக்கும்போது, கொடுக்கவே மாட்டேன் என்பதற்கு அதைச் சாக்காகச் சொல்லக்கூடாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 144-ஆவது பிரிவில் ஒரு வரி: பிள்ளை முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தால் முதல் பட்டமோ டிப்ளமோவோ முடியும் வரை, அதிகபட்சம் ஒரு வயது வைத்து, மகன் மகள் என்றும் மதம் என்றும் பார்க்காமல். அந்த அதிகபட்ச வயதுக்கு 25 சரியா, 23 போதுமா என்று எம்.பி.க்கள் பேசிக்கொள்ளட்டும். சட்டத்துக்குப் புதுப் பெயர் வைத்த நேரத்திலேயே இதைச் செய்திருக்கலாம். பெங்களூரில் நமக்கு நாலு மக்களவைத் தொகுதி இருக்கிறது, தேர்தலுக்குத் தமிழில் நோட்டீஸ் அடித்துக்கொண்டு நம் தெருவுக்கு வருகிறார்கள். வரும்போது இதையும் கேளுங்கள்.

அதுவரை, இப்போது ராஜிப் பேச்சில் உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கு ஒன்று. பிள்ளைக்கு மூன்று வயதாக இருந்தாலும் சரி, காகிதத்தில் "மேஜர் ஆகும் வரை" என்று எழுத விடாதீர்கள். "படிப்பு முடியும் வரை" என்று எழுதச் சொல்லுங்கள். எந்தப் படிப்பு, கட்டணத்தில் யாருக்கு எத்தனை பங்கு, வருஷத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்று அதிலேயே வரட்டும். இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் 18-க்குப் பிறகும் தருவதற்குச் சட்டம் தடை சொல்வதில்லை. அந்தச் சமயத்தில் எதிர்த் தரப்பும் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும், ஏனென்றால் அவர்களுக்கும் அது எங்கோ இருக்கும் ஊர்தான். வருமானத்தை மறைக்கிறார் என்ற பயம் இருந்தால், 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் வழக்கில் சொன்னபடி இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். இந்தக் கேள்விகளை அன்றைக்கே கேட்கும் வக்கீலைப் பிடியுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி. சித்தையா சாலையில் குடும்ப நல நீதிமன்றங்கள் இருக்கும் நியாய தேகுலா கட்டடத்திலேயே விசாரிக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 18-க்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் அந்த உதவி உண்டு. 18 முடிந்த பையன் அங்கேயும் வரிசையை விட்டு வெளியே வந்து வருமானச் சான்றிதழ் காட்ட வேண்டும், அதனால் தாய் பெயரில் போவதே சுலபம்.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதானால் என் வீட்டுக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், வயதுக் கணக்கையும் 15100-ஐயும் விட்டுவிடாதீர்கள். பெயர் போட வேண்டாம். தங்கையின் மனு அடுத்த மாதம் வாய்தாவுக்கு வருகிறது, அவள் வீட்டுக்காரரும் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
பியூ கல்லூரிக் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்,
மர்ஃபி டவுன், அல்சூர், பெங்களூரு.